தொடர்பு இல்லை என்று எழுதப்பட்டவர்கள்

கல்யாண வீடுகளில் என் மனைவியை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பார்கள். "போதைப் பழக்கம் பத்தி ஆராய்ச்சி. மனோதத்துவம்" என்பாள். கேட்டவர் தலையாட்டிவிட்டு மெல்ல என் பக்கம் திரும்பி, முதலில் என் கண்களையும் பிறகு என் கைவிரல்களையும் பார்ப்பார். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸை இழைத்து ஃபிரேமில் உட்கார வைப்பது என் தொழில். கை நடுங்குகிறவன் அதில் ஒரு வாரம் தாங்க மாட்டான். இதை எத்தனை பேரிடம்தான் எடுத்துச் சொல்வது?

அவளுடைய பிறந்த வீட்டிலும் யாரும் குடித்ததில்லை. என் மாமனார் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் இருந்தவர். இருமல் மருந்து வாங்கினால்கூட, சீட்டைப் படித்துச் சாராயம் கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடியைத் திறப்பார். ஆகவே பட்ட அடியால் இந்தத் துறைக்கு வந்தவள் என்று அவளைப் பற்றிச் சொல்ல வழியில்லை. மனோதத்துவத்தில் எம்.ஏ. முடித்து எட்டு மாதமாக வேலை கிடைக்கவில்லை. ஒரு போதை மறுவாழ்வு மருத்துவமனையில் இரண்டு வருட ஆய்வுக்குத் தகவல் சேகரிக்க ஆள் கேட்டிருந்தார்கள். போனாள். அவ்வளவுதான் ஆரம்பம்.

அவளுக்குக் கொடுத்த அறை, துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவில் இருந்தது பலகைச் சுவர். எந்நேரமும் சோப்பு வாசனை. ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, ஒரு தடித்த பதிவேடு, ஒரு கட்டுப் படிவங்கள். குடியை விட வந்து இருபத்தெட்டு நாள் தங்கி வீடு திரும்பியவர்களை ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று கணக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். கடந்த முறை பேசிய பிறகு குடித்தீர்களா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காதவர் பெயருக்கு எதிரே 'தொடர்பு இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம்.

நோயாளிகள் அவளுக்குப் 'போனக்கா' என்று பெயர் வைத்தார்கள். வயதில் அவளைவிட இருபது வருடம் மூத்தவர்களும் அக்கா என்றார்கள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் கடைத்தெருவில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், "போனக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனபோது நான் கொஞ்சம் தடுமாறித்தான் போனேன்.

முதல் வருடம் முடியும்போது பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நாற்பத்தொரு பேருக்கு எதிரே 'தொடர்பு இல்லை'. அவள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஆய்வுக்குத் தலைவராக இருந்த பேராசிரியரிடம் போனாள். அவர் கறாரான மனிதர். ஆனால் காது கொடுத்துக் கேட்பவர்.

"சார், இந்த நாற்பத்தொரு பேரும் எங்க போனாங்க?"

"குடிக்கப் போயிருப்பாங்க."

"தெரியுமா சார், இல்ல அப்படி வச்சுக்கறமா?"

"வச்சுக்கறோம். எல்லா ஆய்விலயும் அதுதான் வழக்கம். ஃபோனை எடுக்காதவங்க நல்லா இருக்காங்கன்னு எழுதிட்டா, நம்ம சிகிச்சை பிரமாதம்னு நாமளே பீத்திக்கிட்ட மாதிரி ஆயிடும். அதனால கெட்டதையே வச்சுக்கறோம்."

அந்தக் காரணத்தில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "நாற்பத்தொரு பேரு. ஒரு பஸ் நிறைய ஆளு. யாருமே போய்ப் பாக்கலையே" என்றாள். அது அவள் மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது.

வேறொருத்தியாக இருந்தால் முகவரியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். நான்கூட அதைத்தான் சொன்னேன். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபோன் பண்ணத்தான் அவங்க சம்மதம் குடுத்துக் கையெழுத்துப் போட்டாங்க. வாசல்ல போய் நிக்கறதுக்கு இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா? அவங்க முதலாளி பாத்தா?" என்றாள். ஆய்வில் நோயாளிகளின் நலனைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினாள். கடிதம் மருத்துவமனை பெயர் இல்லாத உறையில் போகும். விருப்பமிருந்தால் மட்டும் பதில் எழுதலாம். எங்கே, எப்போது சந்திப்பது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். குழு மூன்று முறை கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியது. மூன்று முறையும் திருத்தி எழுதினாள். அனுமதி வர ஐந்து மாதம் ஆயிற்று.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. சந்திக்க அவர்கள் சொன்ன இடங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒருவர் முடிவெட்டும் கடையில், வரிசையில் காத்திருக்கும் நேரத்தில். ஒருவர் பேருந்துப் பணிமனையின் டயர் கிடங்கில். ஒரு அம்மாள் சலவைக் கடையில், இயந்திரம் சுற்றி முடிகிற வரைக்கும். விடுமுறை நாட்களின் பிற்பகலில் நான் கொண்டுபோய் விட்டுவிட்டு, தெருக்கோடியில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து செய்தித்தாளை விளம்பரம் வரை படித்து முடிப்பேன்.

நாற்பத்தொரு பேரில் முப்பத்துநான்கு பேரைப் பற்றித் தெரிந்தது. மூன்று பேர் இறந்துபோயிருந்தார்கள். பதினொரு பேர் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. அந்த மருத்துவமனை ஞாபகமே வேண்டாம் என்றுதான் தொலைபேசியை எடுக்காமல் இருந்தார்கள். மீதி இருபது பேர் குடித்திருந்தார்கள். அந்த இருபது பேரில் ஒருவர்தான் அவளுடைய அடுத்த பதினைந்து வருடத்தை முடிவு செய்தார்.

அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், லிஃப்ட் இயந்திர அறைக்கு வெளியே சந்திக்கச் சொன்னார். லிஃப்ட் பழுதாகியிருந்ததால் அவள் ஆறு மாடியும் படியேறிப் போனாள். மூச்சு வாங்கி நின்றவளைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க, அதைத்தான் சரி பண்ணிட்டு இருக்கேன்" என்று சொல்லி, கிரீஸ் படாத பக்கமாக ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாராம்.

"ஆஸ்பத்திரியில சேந்த நாள்லேருந்து ஏழு மாசம் தொடலைங்க. ஏழு மாசம், நாலு நாள். அப்புறம் என் மச்சான் வீட்டுல ரெண்டு கிளாஸ். ரெண்டே ரெண்டு. மறுநாள் காலையில உங்க ஃபோன் வருது."

"நீங்க எடுக்கல."

"எடுத்தா என்ன சொல்றது? குடிச்சீங்களான்னு கேப்பீங்க. ஆமான்னா ஒரு கட்டத்துல டிக் போடுவீங்க. அந்த டிக்கோட ஏழு மாசமும் போச்சு. அதான் எடுக்கல. அதான் போச்சேன்னு அன்னிக்கும் குடிச்சேன்."

"அப்புறம்?"

"பத்தொன்பது நாள்." அவர் ஸ்பேனரை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தாராம். "நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்த ரெண்டு கிளாஸ் மச்சானுக்காகக் குடிச்சது. மீதி பத்தொன்பது நாளும் குடிச்சது அந்த ரெண்டு கிளாஸுக்காக."

கீழே வந்தவள் ஸ்கூட்டரில் ஏறவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டே நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கடைசியில் நிமிர்ந்து, "நாம கேக்கற கேள்வியே அவரைக் குடிக்க வச்சிருக்கு. அந்த மறுநாள் காலையில என்ன நடக்குதுன்னு யாராவது படிக்கணும்" என்றாள்.

"யாரு?" என்றேன், பதில் தெரிந்துகொண்டே.

"நான்தான்" என்றாள்.

மனோதத்துவ ஆராய்ச்சி என்றால் புத்தகம் படிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முனைவர் படிப்புக்குச் சேர்ந்த பிறகுதான் அது என்ன பாடு என்று பார்த்தேன். முதல் இரண்டு வருடம் அவளை ஆராய்ச்சி செய்யவே விடவில்லை. வார்டில் உட்கார வைத்தார்கள். குடியை நிறுத்திய மூன்றாம் நாள் ஒருவர் படுக்கை விரிப்பில் எறும்பு ஊர்வதாகச் சொல்லிக் கையால் தட்டிக்கொண்டே இருப்பார். இல்லாத எறும்பை இல்லை என்று வாதாடாமல், பயப்படுகிறவர் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருப்பது என்று பழக வேண்டும். பயிற்சியில் ஒரு மாதம் 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியையே கேட்கக் கூடாது என்று தடை. ஏன் குடிச்சீங்க என்று கேட்டால் மனிதன் காரணம் தேடப் போய்விடுவான், நடந்ததைச் சொல்ல மாட்டான் என்பதற்காக.

நோயாளியின் சம்மதத்தோடு உரையாடலைப் பதிவு செய்து, பிறகு அவளே போட்டுக் கேட்டு, எங்கெங்கே குறுக்கே பேசினாள் என்று எண்ண வேண்டும். முதல் பதிவில் இருபது நிமிடத்தில் முப்பத்தொரு முறை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதம் கழித்து அது நான்காகக் குறைந்தது. அந்தப் பயிற்சியின் பலனை நான் வீட்டில் அனுபவித்தேன். சண்டை போடவே முடியாமல் போயிற்று. நான் ஏதாவது கத்தினால் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்போ, நான் உங்களைக் கவனிக்கிறதில்லைன்னு உங்களுக்குத் தோணுது" என்பாள்.

"இந்த வித்தையெல்லாம் ஆஸ்பத்திரியோட வச்சுக்க" என்பேன். சொல்லி முடிப்பதற்குள் கோபம் பாதி இறங்கியிருக்கும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

புள்ளியியல் அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. பள்ளிக்கூடத்திலேயே கணக்கு என்றால் காத தூரம் ஓடியவள். சமையல் மேஜையில் ஒரு பக்கம் குழந்தையின் பால் புட்டி, இன்னொரு பக்கம் வரைபடத் தாள் என்று உட்கார்ந்து, விடியற்காலையில் எழுந்து அதோடு மல்லுக்கட்டினாள். முதல் தேர்வில் தோற்றாள். இரண்டாவதில் தேறினாள். மூன்றாம் வருடம் மற்ற மாணவர்கள் சந்தேகம் கேட்க அவளைத் தேடி வந்தார்கள். என் அம்மாவுக்கு இதெல்லாம் பெருமைதான் என்றாலும் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

"படிச்சு முடிச்சா டாக்டர்னு போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம் அத்தை."

"ஊசி போடுவியா?"

"மாட்டேன் அத்தை."

"மாத்திரை எழுதுவியா?"

"அதுவும் இல்ல."

அம்மா, "அப்ப கேட்டுக்கிட்டு மட்டும் இருப்பே. பரவாயில்ல, அதுக்கும் ஆள் வேணும்தான்" என்றாள். பட்டமளிப்பு மண்டபத்தில் பேசிய யாரும் அவளுடைய தொழிலை இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

ஆய்வு இதுதான். வீடு திரும்புகிற நோயாளியின் கையில் பையில் அடங்கும் சின்ன அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். ஒரு நாள் தவறினால் அன்றோ மறுநாளோ கூப்பிடுங்கள், இதுவரை குடிக்காமல் இருந்த நாட்கள் உங்களுடையவை, அவை எங்கேயும் போகவில்லை என்று அதில் எழுதியிருக்கும். எண்ணும் இருக்கும். கூப்பிட்டால் எதிர்முனையில் பயிற்சி பெற்ற ஒருவர் பேசுவார். படிவத்திலும் ஆம், இல்லை கட்டங்களை எடுத்துவிட்டு, கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் என்று மாற்றினாள். எண்பது பேருக்கு அட்டை. எண்பது பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒரு வருடம் கழித்து அட்டை வாங்கியவர்களில் நாற்பத்தாறு பேர் குடியிலிருந்து விலகி இருந்தார்கள். மற்றவர்களில் இருபத்தாறு பேர்தான்.

கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெரிய ஆய்விதழில் கட்டுரை வந்தது. அறிமுகமில்லாத மருத்துவமனைகளிலிருந்து அட்டையின் மாதிரி கேட்டுக் கடிதம் வந்தது. மாநாடுகளில் பேசக் கூப்பிட்டார்கள். என் மச்சான், அவளுடைய அண்ணன், காப்பீட்டு முகவர். தன் வாடிக்கையாளர்களிடமெல்லாம் தங்கச்சி கட்டுரையின் நகலைக் காட்டிக்கொண்டு திரிந்தான். மறு வருடம் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவி ஒன்று காலியானது. சொந்தமாக ஓர் ஆய்வுப் பிரிவு நடத்தலாம். நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது அது அவளுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

நேர்காணலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது அது நடந்தது. வெளிநாட்டு மாணவி ஒருத்தி அந்த ஆய்வின் மூலத் தகவல்களைக் கேட்டிருந்தாள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று என் மனைவி கோப்புகளைத் திறந்தாள். ஆய்வில் அழைப்புகளைப் பதிவு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தேதியில் நாளை முதலில் எழுதுகிறவர். வழக்கமான கவனிப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்ட இன்னொருவர் மாதத்தை முதலில் எழுதுகிறவர். இரண்டு கோப்புகளையும் ஒன்றாக இணைத்தது இவள். மாதமும் நாளும் இடம் மாறியதில், ஒன்பது பேரின் கடைசி அழைப்பு உரிய காலத்துக்கு முன்னால் நடந்ததாகக் கணினி எடுத்துக்கொண்டு தள்ளிவிட்டது. அந்த ஒன்பது பேரும் 'தொடர்பு இல்லை' ஆனார்கள். தொடர்பு இல்லை என்றால் வழக்கப்படி குடித்தவர்கள். உண்மையில் ஒன்பது பேரும் குடிக்காதவர்கள்.

காலைச் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றிருந்தது. "இருபத்தாறு இல்லைங்க. முப்பத்தஞ்சு. நாற்பத்தாறுக்கும் முப்பத்தஞ்சுக்கும் நடுவுல இருக்கறது, அட்டையாலயும் இருக்கலாம், தற்செயலாவும் இருக்கலாம். எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது." அப்புறம் குரல் இறங்கியது. "ஒன்பது நல்ல மனுஷங்களை நானே குடிச்சவங்கன்னு எழுதிட்டேன். வேற யார் பண்ணியிருந்தாலும் மன்னிச்சிருப்பேன்."

நான் நல்லவனாக நடந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் சொன்னது இதைத்தான்: "பன்னெண்டு நாள் பொறு. நேர்காணல் முடியட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம். யாருக்கும் தெரியப் போறதில்ல."

அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. நோயாளிகளைப் பார்ப்பதுபோலப் பொறுமையாகப் பார்த்தாள். "எத்தனையோ ஆஸ்பத்திரியில அந்தக் காகிதத்தை நம்பி வேலை நடக்குது. பன்னெண்டு நாள் நான் சும்மா இருந்தா, அது தப்பு இல்ல, பொய்" என்றாள். வெண்ணெயைத் தடவி முடித்து, ரொட்டியை மகளின் டப்பாவில் வைத்து மூடிவிட்டுக் கிளம்பினாள்.

கட்டுரையில் பேராசிரியரின் பெயரும் இருந்தது. ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது அவருக்கு. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கோப்புகளைத் தானே ஒருமுறை பார்த்தாராம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். (அது என் கடைக் கண்ணாடி.)

"நானும் பாத்திருக்கணும்" என்றார். "வருத்தமாத்தான் இருக்கு. மறைக்கல. நீ எழுது, நான் கையெழுத்துப் போடறேன்."

அன்றே ஆய்விதழுக்கு எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், தவறு எங்கே எப்படி நடந்தது என்றும், இணைத்தது தான்தான் என்றும் ஒளிக்காமல் எழுதினாள். அட்டை மாதிரி கேட்டிருந்த மருத்துவமனைகளுக்குத் தனித்தனியாகக் கடிதம் போட்டாள். நேர்காணலுக்குப் போய், அவர்கள் கேட்பதற்கு முன்பாகவே அதைச் சொன்னாள். தேர்வுக் குழுவில் ஒருவர், "இவ்வளவு நேர்மையா யாரும் பேசிக் கேட்டதில்ல" என்று பாராட்டினாராம். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

என் மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டான். "உன்னை யாரு கேட்டா? உன் வாயைத் தொறந்து யாராவது பிடுங்கினாங்களா?" என்று சத்தம் போட்டான். அவள் பயிற்சியெல்லாம் மறந்து, "அண்ணா, பேசாம இரு" என்றாள். அவன் சாப்பிடாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு ஏழெட்டு வாரம் அவள் வேலைக்குப் போவாள், வருவாள், மகளைத் தூங்க வைப்பாள், அவ்வளவுதான். மாநாட்டு அழைப்புகள் நின்றுபோயின. பழைய தோழி ஒருத்தி தெருவில் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்துபோனதை என்னிடம் ஒரு தடவைதான் சொன்னாள்.

அந்த ஒன்பது பேருக்கும் அவள் தகவல் சொல்ல விரும்பினாள். நெறிமுறைக் குழுவிடம் கேட்டு, அனுமதி வாங்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பெரும்பாலோருக்கு என்ன விஷயம் என்றே பிடிபடவில்லை. ரொட்டி சுடும் பட்டறையில் வேலை செய்த ஒரு பெண்மணி மட்டும் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நான் குடிக்கல. நீங்க தெரியாம குடிச்சதா எழுதிட்டீங்க. இப்பத் திருத்திட்டீங்க. அவ்வளவுதானே போனக்கா? என் வீட்டுக்காரர் நாலு வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்காரு, இன்னும் திருத்தல."

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் சிரித்தாள். பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுப் புதிய நோட்டு ஒன்றைப் பிரித்தாள்.

இரண்டாவது ஆய்வு ஐந்து மருத்துவமனைகளில் நடந்தது. தொள்ளாயிரம் பேர். இந்த முறை தகவல்களை வைத்திருந்தவர்கள் அவளுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேர். முடிவு தெரியும் நாள் வரை அவள் ஒரு எண்ணைக்கூடப் பார்க்கக் கூடாது என்று அவளே விதி எழுதிக் கையெழுத்திட்டாள். தேதியை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு பக்கம் அறிவுரை. தொடர்பு விட்டுப்போனவர்களைத் தேடுவதற்கென்றே ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒருவர். அனுமதி, பயிற்சி, சேர்க்கை, காத்திருப்பு என்று ஐந்து வருடம். இடையில் ஒரு மருத்துவமனை விலகியது, வேறொன்றைச் சேர்த்தாள். அவளுடன் படித்தவர்கள் அந்த ஐந்து வருடத்தில் எங்கெங்கோ உயர்ந்துவிட்டார்கள். அவள் வாரத்தில் மூன்று நாள் ரயிலில் ஊர் ஊராகப் போய், புதிதாகச் சேர்ந்தவர்களின் உரையாடல் பதிவுகளைக் கேட்டு, எங்கே குறுக்கே பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். மகள் ஒருநாள் பள்ளிக்கூடத்தில், "எங்கம்மா மத்தவங்க பேசறதை எண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முடிவு வந்த பிற்பகல் நான் கடையில் இருந்தேன். தொலைபேசியில் அவள் குரல் ஒரே சீராக இருந்ததால் நல்லதா கெட்டதா என்று ஊகிக்க முடியவில்லை.

"தவறுறதை அட்டை தடுக்கலைங்க. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு பேர் தவறியிருக்காங்க."

"அப்ப?"

"தவறினதுக்கப்புறம்தான் வித்தியாசம். அட்டை இல்லாதவங்க சராசரியா பதினேழு நாள் தொடர்ந்து குடிச்சிருக்காங்க. அட்டை இருக்கறவங்க ஆறு நாள்."

என் எதிரே ஒரு வாடிக்கையாளர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு முகம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்காது என்று தெரிந்தும், "பதினோரு நாள் மிச்சம்" என்று அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார்.

முதல் கட்டுரை சொன்ன அதிசயம் இதில் இல்லை. ஆனால் பதினோரு நாள் என்பது சின்ன விஷயமில்லை. வேலை போகாமல் இருக்கப் பதினோரு நாள் போதும். பெண்டாட்டி பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போகாமல் இருக்கவும் போதும். புதிய கட்டுரையின் முதல் பத்தியிலேயே பழைய தவறைப் பற்றி எழுதினாள். வேண்டாம், அடிக்குறிப்பில் போடலாம் என்று ஆய்விதழ் ஆசிரியரே சொல்லியும் விடவில்லை. பிறர் அதே ஆய்வை வேறு இரண்டு இடங்களில் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய அதே விடைதான் வந்தது. மருத்துவமனைகளில் ஆம், இல்லை கட்டங்கள் கொண்ட பழைய படிவம் மெல்ல மெல்ல மறைந்தது. என் மச்சான் மறுபடியும் நகல் எடுக்க ஆரம்பித்தான்.

நாற்பத்திரண்டாவது வயதில் அவளுக்கென்று ஓர் ஆய்வுப் பிரிவு கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால், பல்கலைக்கழகத்தின் பழைய வேதியியல் கட்டடத்தில் மூன்று அறைகள். சுவரெல்லாம் அமிலக் கறை. முதல் நாள் காலையில் புத்தக அலமாரி மாட்டுவதற்காகச் சுத்தியலும் ஆணிகளும் எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். நாற்காலிகள் இன்னும் வந்து சேரவில்லை. அட்டையில் இருக்கும் எண்ணுக்கான தொலைபேசி இணைப்பு மட்டும் முந்தின நாளே வந்திருந்தது. அதைத்தான் அவள் முதலில் கேட்டு வாங்கியிருந்தாள்.

நான் ஸ்டூலில் ஏறி நின்று ஆணியைச் சுவரில் வைத்துச் சுத்தியலை ஓங்கியபோது தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசப் பயிற்சி பெற்றவர்கள் பக்கத்து அறையில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளே எடுத்தாள். ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு தூசி படிந்த தரையிலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நல்ல வேளை கூப்பிட்டீங்க" என்றாள். "நேத்து சாயங்காலம்னு சொன்னீங்க. மெதுவா சொல்லுங்க, எனக்கு வேற வேலை இல்ல."

எதிர்முனையில் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. இறங்கி வெளியே போகலாம் என்றால் ஸ்டூல் கிரீச்சிடும். ஆகவே ஒரு கையில் ஆணியும் மறு கையில் சுத்தியலுமாக அப்படியே நின்றேன். முப்பத்தைந்து நிமிடம். அவள் பேசியது கொஞ்சம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டதுதான் அதிகம். இடையில் ஒருமுறை, "அந்த அஞ்சு மாசமும் உங்களுதுதான்" என்றாள். முடியும்போது, இன்று மாலை எங்கே இருப்பீர்கள், யாரோடு இருப்பீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். நாளை காலை பத்து மணிக்கு மறுபடி பேசுவதாகச் சொன்னாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு, மடியிலேயே படிவத்தை வைத்து நிதானமாக எழுதி முடித்தாள். தேதியை எழுதியபோது மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஸ்டூல்மேல் மரம்போல நின்றிருந்த என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் அப்படியேவா நின்னீங்க?"

"நீதான் குறுக்கே பேசக் கூடாதுன்னு சொல்வியே" என்றேன்.

அவள் எழுந்து, உடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"சரி, இப்ப அடிங்க" என்றாள்.